காமிலையும் நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள்

ஷார்ஜாவில் ஒரு கட்டுமான அலுவலகத்தில் ஏழு வருடம் இருந்தேன். மதியச் சாப்பாட்டுக்கு எங்கள் மேசையில் எப்போதும் அதே நான்கைந்து பேர்தான். ஒருவர் ஈராக்கின் சுலைமானியாவைச் சேர்ந்த குர்து. இன்னொருவர் எகிப்தின் மன்சூராக்காரர். குர்து நண்பரை நான் காக்கா என்றுதான் கூப்பிடுவேன். எங்கள் ஊர்ப்பக்கம் முஸ்லிம் வீடுகளில் அண்ணனுக்கு அதுதான் சொல். முதல் நாள் பழக்கதோஷத்தில் அப்படிக் கூப்பிட்டபோது அவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார். குர்து மொழியிலும் அண்ணனை அப்படித்தான் அழைப்பார்களாம். எந்தச் சொல் எங்கிருந்து எங்கே போனது என்றெல்லாம் நாங்கள் ஆராயவில்லை. அன்றிலிருந்து அவர் எனக்குக் காக்கா, அவ்வளவுதான்.

ஒரு நாள் பேச்சு, சிலுவைப்போர்க்காரர்களிடமிருந்து ஜெருசலேமை மீட்ட சுல்தான் ஸலாஹுத்தீன் அய்யூபியிடம் வந்து நின்றது. மன்சூராக்காரர் "எங்கள் ஸலாஹுத்தீன்" என்றார். எகிப்தின் அரசுச் சின்னத்தில் இருக்கும் கழுகை அவர் பெயரால்தான் அழைக்கிறார்கள், கெய்ரோவின் கோட்டையை அவர்தான் கட்டத் தொடங்கினார். ஓர் எகிப்தியர் அப்படிச் சொல்வதில் தப்பில்லை. ஆனால் காக்காவின் முகம் மாறியது. "அவருடைய பாட்டனார் ஷாதி, ஆர்மேனியாவில் துவின் நகரத்துப் பக்கத்துக் குர்து. ஹத்பானி குலம், ரவாதி கிளை. ஒரு தடவையாவது அதையும் சேர்த்துச் சொல்லக் கூடாதா?" என்று கேட்டார். குரலில் கோபத்தைவிட வருத்தம்தான் அதிகம் இருந்தது. மன்சூராக்காரர் கொஞ்ச நேரம் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் சொன்னார்: "சரி, ஸலாஹுத்தீனை எடுத்துக்கொள்ளுங்கள். அப்படியே காமிலையும் நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள்."

காக்கா பதில் சொல்லாமல் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துபோனார். எனக்கு அந்த வார்த்தை எவ்வளவு கனமானது என்று புரிந்தது, பொருள் புரியவில்லை. காமில் யார் என்றே எனக்குத் தெரியாது. சிறு வயதில் மதரஸாவில் மஃரிபுக்குப் பிறகு எங்கள் உஸ்தாத் கதை சொல்வார். ஹித்தீன் போர், 1187 அக்டோபரில் பைத்துல் முகத்தஸ், அதாவது ஜெருசலேம், மீண்டது, தோற்றவர்களை வெட்டாமல் மீட்புத் தொகை வாங்கிக்கொண்டு அனுப்பியது, கடைசியில் 1193ல் டமாஸ்கஸில் அந்த மனிதர் இறந்தபோது கஜானாவில் இருந்தது 47 வெள்ளிக் காசும் ஒரே ஒரு தங்கக் காசும்தான் என்பது. அந்த இடம் வரும்போது உஸ்தாத்தின் குரல் உடையும். கதையும் அங்கேயே முடிந்துவிடும். அதன்பிறகும் அந்தக் குடும்பம் 57 வருடம் எகிப்தை ஆண்டது என்பதையோ, ஸலாஹுத்தீனின் தம்பி மகன் காமில் 1229ல் ஒரு போர்கூட இல்லாமல் அதே ஜெருசலேமை ஐரோப்பியப் பேரரசர் ஒருவருக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார் என்பதையோ யாரும் எனக்குச் சொன்னதில்லை.

அன்றிரவு அதைப் படித்தபோது மன்சூராக்காரரின் பக்கம்தான் என் மனம் நின்றது. இப்படி ஒருவரை யார்தான் தன்னுடையவர் என்று சொல்லிக்கொள்வார்கள் என்று நினைத்தேன். ஆனால் அந்த எண்ணம் நிலைக்கவில்லை. நாலைந்து வருடம் கிடைத்ததையெல்லாம் படித்தேன். காமிலை விட்டுவிடலாம் என்று மூடிவைக்கும்போதெல்லாம் அவருடைய சகோதரர் முஅழ்ழம் நினைவுக்கு வந்துவிடுவார்.

தமியாத் கரையில்

1218 மே மாதம் ஐரோப்பாவிலிருந்து வந்த கிறிஸ்தவச் சிலுவைப்போர்ப் படை நைல் முகத்துவாரத்தில் தமியாத் என்ற எகிப்தியத் துறைமுகத்துக்கு எதிரே இறங்கியது. ஆற்றின் நடுவே ஒரு கோபுரம், அதிலிருந்து கரைக்கு இரும்புச் சங்கிலி. அந்தக் கோபுரம் இருக்கும்வரை கப்பல் உள்ளே வர முடியாது. ஆகஸ்ட் கடைசியில் அது விழுந்தது. விழுந்த ஒரு வாரத்துக்குள் சிரியாவில் இருந்த வயதான சுல்தான் ஆதில் இறந்துபோனார். ஸலாஹுத்தீனின் தம்பி அவர். அண்ணன் பிள்ளைகள் ஆளுக்கொரு பக்கம் இழுத்துக்கொண்டிருந்த நாட்டைப் பேச்சாலும் படையாலும் ஒன்றாகச் சேர்த்து, அப்புறம் தன் பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுத்தவர். எகிப்து காமிலுக்கு. டமாஸ்கஸும் பாலஸ்தீனமும் முஅழ்ழமுக்கு. யூஃப்ரடீஸுக்கு அப்பால் இருந்த ஜஸீரா அஷ்ரஃபுக்கு. மூவரின் சொந்தப் பெயர்களும் கவனிக்க வேண்டியவை: காமிலின் பெயர் முஹம்மது, முஅழ்ழமின் பெயர் ஈஸா, அஷ்ரஃபின் பெயர் மூஸா. மூன்று நபிமார்களின் பெயர்கள் ஒரே வீட்டில்.

தகப்பனார் போன சில மாதங்களில், 1219 பிப்ரவரியில், காமிலின் முகாமுக்குள்ளேயே ஒரு சதி நடந்தது. செய்தவர் இப்னுல் மஷ்தூப் என்ற தளபதி. அவரும் குர்து, ஹக்காரிக் குலம். அவருடைய தகப்பனார்தான் ஸலாஹுத்தீனுக்காக அக்கா என்ற கடற்கரை நகரத்தை உள்ளேயிருந்து காத்து நின்ற பெரிய தளபதி. காமிலை இறக்கிவிட்டு இன்னொரு சகோதரனை உட்கார வைப்பது திட்டம். (இதைக் காக்காவிடம் பின்னொரு நாள் சொன்னேன். "எங்களுக்குள்ளும் எல்லாம் உண்டு" என்று மட்டும் சொன்னார்.) விஷயம் காதுக்கு வந்ததும் காமில் ராத்திரியோடு ராத்திரியாகக் குதிரையேறிப் போய்விட்டார். விடிந்ததும் சுல்தான் இல்லை என்று தெரிந்து, மொத்தப் படையும் கூடாரம், உணவு, ஆயுதம் எல்லாவற்றையும் அப்படியே போட்டுவிட்டு ஓடியது. சிலுவைப்படை சண்டையே இல்லாமல் ஆற்றைக் கடந்து அந்த முகாமுக்குள் நடந்து வந்தது. காமில் எகிப்தையே விட்டுவிட்டு, தன் மகன் ஆண்டுகொண்டிருந்த யமனுக்குப் போய்விடலாமா என்றுகூட யோசித்தார்.

இரண்டு நாளில் முஅழ்ழம் வந்து சேர்ந்தார். இரவில் இப்னுல் மஷ்தூபின் கூடாரத்துக்குப் போய், கொஞ்சம் பேச வேண்டும், என்னோடு வாருங்கள் என்று கூப்பிட்டார். மனிதர் மாற்றுடைகூட எடுக்காமல் கிளம்பினார். முகாமைத் தாண்டியதும் அப்படியே சிரியாவுக்கு அனுப்பிவைத்துவிட்டார். ரத்தம் சிந்தவில்லை. படை திரும்பி வந்தது, காமில் சுல்தானாகவே இருந்தார். நினைத்திருந்தால் அந்த வாரம் முஅழ்ழமே எகிப்தை எடுத்துக்கொண்டிருக்கலாம். தடுப்பதற்கு ஆளே இல்லை. அவர் சகோதரனைத் தூக்கி மறுபடி அரியணையில் உட்கார வைத்தார். இந்தக் குடும்பத்தின் வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த இரண்டு நாட்கள் இவைதான்.

அதே மாதங்களில் முஅழ்ழம் இன்னொரு காரியமும் செய்தார். 1219 மார்ச்சில் ஜெருசலேமின் மதில்களை இடிக்க உத்தரவிட்டார். எகிப்து கைவிட்டுப் போனால் அடுத்து ஜெருசலேமுக்குத்தான் வருவார்கள், மதிலோடு பிடித்தால் அப்புறம் மீட்கவே முடியாது என்பது கணக்கு. ஸலாஹுத்தீன் தன் கடைசிக் காலத்தில் தானே கல் சுமந்து எழுப்பிய மதில்கள் அவை. இடிக்கத் தொடங்கியதும் ஊருக்குள் கிலி பிடித்தது. பெண்களும் வயதானவர்களும் புனிதப் பாறையின் மேலுள்ள குப்பத்துஸ் ஸக்ராவிலும் அக்ஸா பள்ளிவாசலிலும் கூடி, முடியை அறுத்துப் போட்டு அழுதார்கள் என்று அந்தக் கால வரலாற்றாசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள். வீட்டுச் சாமான்களை விட்டுவிட்டுக் கெய்ரோவுக்கும் கரக்குக்கும் டமாஸ்கஸுக்கும் நடந்தார்கள். வழியில் பசியிலும் தாகத்திலும் செத்தவர்கள் உண்டு. பத்து வருடம் கழித்துக் காமில் எதைக் கொடுத்தார் என்று கேட்கும்போது இதை மறக்கக் கூடாது. மதில் இல்லாத, பாதிக்குமேல் காலியான ஊரைத்தான் அவர் கொடுத்தார்.

இன்னொன்றும் இருக்கிறது. தமியாத் முற்றுகை இறுகியபோது காமில் எதிரிகளிடம் ஒரு பேரம் முன்வைத்தார்: எகிப்தை விட்டுப் போய்விடுங்கள், ஜெருசலேமைத் தந்துவிடுகிறோம். கரக், ஷவ்பக் கோட்டைகள் மட்டும் எங்களிடம் இருக்கட்டும். சிலுவைப்படையில் இருந்த, ஊர் கையில் இல்லாமலே ஜெருசலேம் அரசர் என்று பட்டம் வைத்திருந்த ஜான் ஏற்கலாம் என்றார். போப்பின் பிரதிநிதி பெலாகியஸ் கூடாது என்றார், அவர் சொன்னதே நடந்தது. 1219 நவம்பரில் தமியாத் விழுந்தது. உள்ளே நுழைந்தவர்கள் கண்டது பிணங்கள் நிறைந்த தெருக்களை. அப்புறம் காமில் ஆற்றின் மேல்பக்கம் பின்வாங்கி ஒரு முகாம் அமைத்தார். நாளடைவில் அதில் வீடும் கடைத்தெருவும் குளியலறைகளும் எழுந்து ஊராகிவிட்டது. மன்சூரா என்று பெயர் வைத்தார், வெற்றி அருளப்பட்டது என்று பொருள். ஆம், என் நண்பருடைய ஊரேதான்.

1221 கோடையில் சிலுவைப்படை கெய்ரோவை நோக்கிக் கிளம்பி மன்சூராவுக்கு எதிரே வந்து நின்றது. இந்தப் பக்கம் முஅழ்ழமும் அஷ்ரஃபும் தங்கள் படைகளோடு வந்து சேர்ந்திருந்தார்கள். ஆகஸ்ட் மாதம், நைல் பெருகும் காலம். மதகுகளைத் திறந்துவிட்டார்கள். இரண்டு கிளையாறுகளுக்கு நடுவே படை சேற்றில் மாட்டிக்கொண்டது. கொன்று முடித்திருக்கலாம், காமில் பேசினார். தமியாத்தைத் திருப்பிக் கொடுங்கள், உயிரோடு போங்கள் என்றார். ஒப்பந்தம் நிறைவேறும்வரை தன் மகன் ஸாலிஹ் அய்யூபைப் பிணையாக அனுப்பினார், அங்கிருந்து ஜானும் பெலாகியஸும் பிணையாக வந்தார்கள். பட்டினி கிடந்த எதிரிப் படைக்கு ரொட்டி அனுப்பினார். அந்தப் படையோடு வந்திருந்த ஆலிவர் என்ற ஜெர்மானியப் பாதிரியார், நாங்கள் யாருடைய பிள்ளைகளைக் கொன்றோமோ அவர்களே எங்களுக்குச் சோறு போட்டார்கள் என்கிற பொருளில் பிற்பாடு எழுதினார். மன்சூராவில் வெற்றி விருந்து நடந்தபோது ராஜிஹ் என்ற புலவர் எழுந்து, ஈஸாவும் மூஸாவும் சேர்ந்து முஹம்மதுக்குத் துணைநிற்கிறார்கள் என்று பாடினார். சபையில் ஒரே பக்கம் உட்கார்ந்திருந்த மூன்று சகோதரர்களின் பெயர்களும் ஒரே வரியில் வந்துவிட்டன.

காரணம் செத்த பிறகு வந்த விருந்தாளி

அந்த விருந்துக்கும் ஜெருசலேம் ஒப்பந்தத்துக்கும் நடுவே எட்டு வருடம்கூட இல்லை. என்ன நடந்தது என்று தேடினால் பெரிதாக எதுவும் அகப்படாது. வெளியிலிருந்து வந்த ஆபத்து போனது, அவ்வளவுதான். முஅழ்ழம் உறவினர் கையில் இருந்த சிரிய நகரமான ஹமாவைப் பிடிக்கப் போனார், காமில் நிறுத்தச் சொல்லி ஆள் அனுப்பினார். காமிலும் அஷ்ரஃபும் சேர்ந்து தன்னை ஒதுக்குகிறார்கள் என்று முஅழ்ழமுக்குத் தோன்றியது. தோன்றிய பிறகு எதைப் பார்த்தாலும் அதற்கு ஆதாரமாகத்தானே இருக்கும். மங்கோலியர்களிடம் நாட்டை இழந்து மேற்கே வந்துகொண்டிருந்த குவாரஸ்ம் மன்னர் ஜலாலுத்தீனிடம் முஅழ்ழம் கைகோத்தார். அந்தப் படை எந்த ஊருக்குள் போனாலும் சூறையாடும் என்று எல்லாருக்கும் தெரியும். காமில் பயந்தார். 1226ல் தன் நம்பிக்கைக்குரிய அமீர் ஃபக்ருத்தீனைக் கடல் கடந்து சிசிலிக்கு அனுப்பினார். அங்கே இருந்தவர் பேரரசர் இரண்டாம் ஃபிரெடரிக். செய்தி சுருக்கமானது: படையோடு வாருங்கள், என் சகோதரனுக்கு எதிராக எனக்குத் துணை நில்லுங்கள், ஜெருசலேம் உங்களுக்கு.

ஜெருசலேம் அப்போது யாருடைய கையில் இருந்தது? முஅழ்ழமின் கையில். ஏழு வருடம் முன்னால் ராத்திரியில் ஓடிப்போன காமிலைத் திரும்பக் கொண்டுவந்து உட்கார வைத்த அதே மனிதரின் கையில்.

என் கோபம் 1229ஐ விட்டு 1226க்கு நகர்ந்தது இந்த இடத்தில்தான். கொடுக்க முன்வந்தது தப்பு என்றால் 1219லும் அது தப்பாக இருந்திருக்க வேண்டும். அப்போது கொடுக்கக் கேட்டது எகிப்தின் மக்களைக் காப்பாற்ற. முஅழ்ழம் மதிலை இடித்ததும் அந்தக் கணக்கில்தான். அவர்களுடைய தகப்பனார் ஆதிலே ஆங்கில அரசர் ரிச்சர்டோடு, அவர் சகோதரியைத் தான் மணந்துகொண்டு ஜெருசலேமைச் சேர்ந்து ஆள்வது பற்றிப் பேசியவர். அதை ஸலாஹுத்தீனும் அறிவார். பகிர்ந்துகொள்ளலாம் என்ற பேச்சு அந்த வீட்டுக்குப் புதிதே அல்ல. 1226ல் புதிதாக வந்தது வேறு: வீட்டுச் சண்டைக்கு வெளியாளைக் கூப்பிட்டு, அதற்குக் கூலியாகச் சகோதரனுடைய ஊரைக் காட்டியது.

ஃபிரெடரிக் உடனே வரவில்லை. கிளம்பினார், நோய் என்று திரும்பினார், போப் ஒன்பதாம் கிரிகோரி அவரைத் திருச்சபையிலிருந்து விலக்கிவைத்தார். 1227 நவம்பரில் முஅழ்ழம் டமாஸ்கஸில் இறந்துபோனார். பட்டம் அவர் மகன் நாசிர் தாவூதுக்கு வந்தது, இருபது வயதை ஒட்டிய இளைஞர். காமிலுக்கு இனி ஃபிரெடரிக் தேவையே இல்லை. அந்த நேரத்தில், 1228 செப்டம்பர் 7ஆம் தேதி, சின்னப் படை ஒன்றோடு அக்கா துறைமுகத்தில் வந்து இறங்கினார் அழைக்கப்பட்ட விருந்தாளி. அழைத்த காரணம் மண்ணுக்குள் போய் பத்து மாதம் ஆகியிருந்தது.

காமில் அப்போது காஸா பக்கத்தில் தல் அல் அஜூல் என்ற இடத்தில் அஷ்ரஃபோடு உட்கார்ந்து, இறந்த சகோதரனுடைய பிள்ளையின் நாட்டை எப்படிப் பிரித்துக்கொள்வது என்று பேசிக்கொண்டிருந்தார். விரட்டிவிட்டால் ஃபிரெடரிக் தாவூதோடு சேரலாம், போர் மூளலாம். கொடுத்த வாக்கும் இருந்தது. ஃபக்ருத்தீன் மாதக்கணக்கில் இரண்டு முகாமுக்கும் நடந்தார். பேச்சுக்கு நடுவே காமிலும் ஃபிரெடரிக்கும் கணிதக் கேள்விகளும் தத்துவக் கேள்விகளும் அனுப்பி விடை கேட்டுக்கொண்டார்கள். சிசிலியில் அரபு அறிஞர்கள் நடுவில் வளர்ந்தவர் ஃபிரெடரிக். கடைசியில் 1229 பிப்ரவரி 18ஆம் தேதி கையெழுத்தானது. காலம் 10 வருடம், 5 மாதம், 40 நாள். ஜெருசலேமும் பெத்லகேமும் கடற்கரைக்குப் போகும் வழியும் ஃபிரெடரிக்குக்கு. ஹரம் ஷரீஃப், அதாவது அக்ஸாவும் குப்பத்துஸ் ஸக்ராவும் இருக்கும் வளாகம் முழுவதும் முஸ்லிம்களுக்கு. பாழடைந்த மாதா கோயில்களையும் இடிந்த வீடுகளையும் தவிர நான் எதையும் கொடுக்கவில்லை என்பது காமிலின் பதில். சொத்துக்கணக்கில் பார்த்தால் அது பொய்யும் இல்லை.

மார்ச் மாதம் ஃபிரெடரிக் ஜெருசலேமுக்குள் வந்தார். உடனிருந்தவர் நாப்லூஸ் காஜி ஷம்சுத்தீன். பேரரசர் தங்கியிருக்கும்போது பாங்கு சொல்ல வேண்டாம் என்று காஜி முஅத்தினைத் தடுத்துவிட்டார். காலையில் ஃபிரெடரிக், ராத்திரி ஏன் பாங்கு கேட்கவில்லை என்று விசாரித்தார். உங்களுக்கு மரியாதையாக நிறுத்தினோம் என்று பதில் வந்தது. தப்புச் செய்துவிட்டீர்கள், இந்த ஊரில் ராத்தங்க நான் விரும்பியதே பாங்கைக் கேட்கத்தான் என்றார் அவர். அரபு வரலாற்றாசிரியர்கள் பதிந்துவைத்த இந்தக் காட்சியை எத்தனை முறை படித்தாலும் எனக்குச் சலிக்காது. இந்த ஒப்பந்தத்துக்காக அவர் பக்கத்திலும் அவரை மன்னிக்கவில்லை. மே மாதம் அக்காவில் கப்பலேறப் போனவர் மேல் கசாப்புத் தெருவில் குடலையும் கழிவையும் எறிந்தார்கள்.

அழுத ஊர்

டமாஸ்கஸுக்குச் செய்தி போனதும் தாவூத் ஒரு காரியம் செய்தார். ஸிப்த் இப்னுல் ஜவ்ஸி என்ற புகழ்பெற்ற பேச்சாளரை அழைத்துப் பெரிய பள்ளிவாசலில் பயான் செய்யச் சொன்னார். பைத்துல் முகத்தஸுக்குப் போகும் வழி அடைபட்டுவிட்டது, முஸ்லிம் அரசர்களுக்கு இதைவிட வெட்கம் உண்டா என்று அவர் பேசப்பேசப் பள்ளிவாசலே அழுதது. அந்த அழுகை உண்மையானது. அதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. நான் அந்தத் தூண்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தால் நானும் அழுதிருப்பேன். மன்சூராக்காரருடைய கசப்பு அந்தப் பள்ளிவாசலிலிருந்து எட்டு நூற்றாண்டு நடந்து வந்த கசப்பு. அதை நான் இலேசாகப் பேச மாட்டேன். ஆனால் அந்த நேரத்தில் டமாஸ்கஸைச் சுற்றி நெருங்கிக்கொண்டிருந்தது சித்தப்பன் பெரியப்பன் படைதான். ஜூன் மாதம் ஊர் விழுந்தது. அஷ்ரஃப் எடுத்துக்கொண்டார். தாவூதுக்குக் கரக்கும் சுற்றியிருந்த நிலமும் மிஞ்சின. தன் ஊரைக் காப்பாற்றவும் தாவூதுக்கு அந்தக் கண்ணீர் தேவைப்பட்டிருந்தது.

1239ல், ஒப்பந்தக் காலம் முடிந்ததும், தாவூத் ஜெருசலேமை மீட்டார். காமில் அதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். இங்கே நிறுத்தினால் தாவூத் நாயகன்தான். நிறுத்த முடியவில்லை. எகிப்தில் அரசனாகியிருந்த காமிலின் மகன் ஸாலிஹ் அய்யூபுக்கு எதிராக ஆள் சேர்க்க வேண்டியிருந்தபோது, 1244 வாக்கில், டமாஸ்கஸில் இருந்த சித்தப்பா இஸ்மாயிலோடு சேர்ந்துகொண்டு அதே தாவூத் ஜெருசலேமைச் சிலுவைக்காரர்களுக்கு விட்டுக்கொடுத்தார். இந்தத் தடவை ஹரம் ஷரீஃபையும் சேர்த்து. காமில் கொடுக்காததையும் சேர்த்து. இப்னு வாஸில் என்ற வரலாற்றாசிரியர் அந்த நாட்களில் அந்த ஊர் வழியாகப் போனவர். புனிதப் பாறையின் மேல் பாதிரிமார்களும் மதுக் குப்பிகளும் இருந்ததைக் கண்ணால் கண்டு எழுதியிருக்கிறார். இந்தப் பத்தியைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. டமாஸ்கஸில் அழ வைத்தவரும் இவர்தான். இவரைத் துரோகி என்று எந்தச் சாப்பாட்டு மேசையிலும் யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

மீதி வேகமாக முடிந்தது. 1244 ஆகஸ்டில், ஸாலிஹ் அய்யூப் அழைத்துவந்த குவாரஸ்ம் படைகள் ஜெருசலேமைச் சூறையாடிப் பிடித்தன. அக்டோபர் 17ஆம் தேதி காஸாவுக்குப் பக்கத்தில் ஹர்பிய்யாவில் நடந்த போரில் சிலுவைப்படையும் ஸலாஹுத்தீன் குடும்பத்தாரான அய்யூபிகளும் ஒரே அணியில் நின்று, எதிரணியில் நின்ற இன்னொரு அய்யூபியிடம் தோற்றார்கள். தன் சொந்தக்காரர்களை நம்ப முடியாத ஸாலிஹ், நைல் தீவில் பாசறை கட்டி விலைக்கு வாங்கிய துருக்கிய மம்லூக் வீரர்களை மட்டுமே நம்பினார். 1250ல் பிரெஞ்சு அரசர் ஒன்பதாம் லூயி மன்சூராவுக்கு வந்தபோது சுல்தான் இறந்திருந்தார். மனைவி ஷஜருத் துர் மரணத்தை மறைத்துவைத்து ஆட்சியை நடத்தினார். அந்தச் சண்டையில் முதலில் செத்தவர்களில் ஒருவர் கிழவர் ஃபக்ருத்தீன். ஃபிரெடரிக்கோடு பேசியவரேதான். குளித்துக்கொண்டிருந்தவர் சத்தம் கேட்டுக் கவசம்கூடப் போடாமல் வெளியே ஓடிவந்தார். காமில் கட்டிய ஊரில், காமிலின் தூதர், காலையில். மே மாதம் கடைசி அய்யூபி சுல்தானை அதே மம்லூக் வீரர்கள் வெட்டினார்கள்.

குடும்பத்தின் ஒரு கிளை ஹமாவில் ரொம்ப காலம் இருந்தது. அதில் வந்த அபுல் ஃபிதா என்ற அரசர் நல்ல வரலாற்றாசிரியர், நிலநூல் எழுதியவர். எங்கள் கிழக்குக் கரையை மஅபர் என்று குறிப்பிட்டு, குமரி முனையில் அது தொடங்குகிறது என்று எழுதியிருக்கிறார். அதைப் பார்த்ததும் ஏனோ எனக்கு அந்தக் குடும்பம் இன்னும் கொஞ்சம் பக்கத்தில் வந்துவிட்டது.

என் தோப்பு

இதையெல்லாம் நான் ஏன் இவ்வளவு தூரம் இழுத்துக்கொண்டு திரிகிறேன் என்று என் மனைவி ஒரு நாள் கேட்டாள். சொல்லிவிடுகிறேன். வாப்பா மவுத்தான பிறகு தென்னந்தோப்புப் பங்கில் எனக்கும் என் காக்காவுக்கும் மனத்தாங்கல் வந்தது. என் சொந்தக் காக்கா. பெரிய சொத்தும் இல்லை. எனக்குக் குறைத்துவிட்டார் என்று தோன்றியது. நான் வளைகுடாவில் இருந்ததால் ஊரில் எனக்காகப் பேச ஒருவரைக் கேட்டுக்கொண்டேன். அவர் காக்காவுக்கு ஆகாதவர் என்று தெரிந்துதான் கேட்டேன். அதனாலேயே கேட்டேன். இரண்டு வருடத்தில் நாங்கள் இருவரும் நேரில் உட்கார்ந்து பேசித் தீர்த்துக்கொண்டோம். ஆனால் நான் கூப்பிட்ட ஆளுக்கு நான் ஒப்புக்கொண்டது இருந்தது. தோப்பின் தெற்கு ஓரத்தில் தண்ணீர்ப் பாதை அவருக்குப் போனது. இன்றும் காக்கா அந்தப் பக்கம் நடக்க மாட்டார். என்னை ஒரு வார்த்தை சொன்னதும் இல்லை.

அதனால் 1226 கடிதத்தைப் படிக்கும்போது அதை எழுதிய கை எப்படி இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். 1229ல் காமில் எதையும் விற்கவில்லை, தான் எழுதிய கடிதத்துக்குக் கணக்குத் தீர்த்தார். அந்த ஒப்பந்தத்தால் பத்து வருடம் அந்தப் பாதையில் இரண்டு பக்கத்து யாத்ரீகர்களும் உயிரோடு போய்வந்தார்கள். அதை நான் பாராட்டவே செய்வேன். கடிதத்தைப் பாராட்ட மாட்டேன். காமில் 1238ல் இறந்தது டமாஸ்கஸில், அதுவும் இன்னொரு சகோதரனிடமிருந்து அதைப் பிடுங்கிய சில வாரங்களில். அடக்கமும் அங்கேதான், முஅழ்ழமின் ஊரில்.

போன வருடம் ஒருவழியாகக் கெய்ரோ போனேன். முயிஸ் தெருவில் காமில் 1225ல் ஹதீஸ் படிப்புக்கென்று கட்டிய மதரஸாவில் கொஞ்சம்தான் மிச்சம். அதே தெருவின் எதிர்ப்பக்கம் மகன் ஸாலிஹின் மதரஸாவும் கப்ரும் நன்றாக இருக்கின்றன. அப்புறம் இமாம் ஷாஃபியின் அடக்கத்தலத்துக்குப் போனேன். எங்கள் ஊரில் எல்லாரும் ஷாஃபி மத்ஹபுதான். சின்ன வயதிலிருந்து தொழுகைக்கும் நோன்புக்கும் அவர் பெயரைக் கேட்டு வளர்ந்தவன். உள்ளே ஸலாஹுத்தீன் காலத்தில் தேக்கில் செதுக்கிய பெட்டகம் இமாமின் கப்ருக்கு மேல் இருக்கிறது. மேலே ஈயத் தகடு வேய்ந்த பெரிய மரக் குவிமாடம். 1211ல் காமில் கட்டியது. அவருடைய தாயாரும் அங்கேதான் அடங்கியிருக்கிறார். குவிமாடத்தின் உச்சியில் பிறைக்குப் பக்கத்தில் செம்பில் சின்னதாக ஒரு படகு. பறவைகளுக்குத் தானியம் போட என்கிறார்கள். நான் யாசீன் ஓதினேன். இமாமுக்காக, அந்தத் தாயாருக்காக, அப்புறம் அங்கே இல்லாத அவர் மகனுக்காகவும்.

வெளியே வந்து படகைப் படமெடுத்து ஷார்ஜா நண்பர்கள் இரண்டு பேருக்கும் அனுப்பினேன். மன்சூராக்காரர் இமாமுக்கு துஆ செய்து எழுதினார். கீழே இன்னொரு வரி: "என் ஊரைக் கட்டியவரைக் கோபிப்பது எனக்கும் சுலபமில்லை, பாஷ்முஹந்திஸ்." எகிப்தியர்கள் இன்ஜினியரை மரியாதையாக அப்படித்தான் கூப்பிடுவார்கள். காக்காவிடமிருந்து ராத்திரிதான் பதில் வந்தது. இரண்டே வார்த்தை. "எங்கள் காமில்."